மகப்பேறின்மையை ஆராயும் முறைகள்

நகையை விற்று மனைவிக்கு அறுவைச் சோதனை செய்தபின், குறை கணவனிடமே என்றறிந்த குடும்பம் ஒன்று எம் வட்டாரத்தில் உண்டு. இத்துன்பம் தவிர்க்கக் கூடியதே.

கூடி வாழ்ந்து 12 மாதங்கள் ஆகியும் கருத்தரிக்காவிடில், தம்பதிகள் இருவரும் மருத்துவரை நாடவேண்டும். மனைவி 35 வயதைக் கடந்தவராயின் 6 மாதங்களே போதும். கணவனின் விந்துப் பரிசோதனை எளிது, செலவு குறைவு. அதனைத் தொடக்கத்திலேயே செய்தல் வேண்டும்.

மனைவிக்கு முதலில் ஸ்கேன். காதுக்கெட்டாத ஒலியலைகளின் எதிரொலியைப் படமாக்கும் முறை இது. கத்தியில்லை; மயக்க மருந்துமில்லை. கருப்பைக் கட்டிகள், சினைப்பை நீர்க்கட்டிகள், சினைமுட்டைப் பையின் வளர்ச்சி ஆகியவை இதிற் புலப்படும். ஆயினும், கருக்குழாய் அடைப்பும் உறுப்புகள் ஒட்டியிருத்தலும் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதில்லை.

அத்தகைய ஐயம் எழும்போது லேப்ராஸ்கோப்பி பயன்படும். மயக்கம் கொடுத்து, தொப்புளருகே சிறு துளையிட்டு, காமிராக் குழாயால் உள்ளுறுப்புகளை நேரில் காண்பர். சாயநீர் செலுத்திக் குழாயின் அடைப்பையும் அறிவர். ஒட்டுதல்களை அப்போதே நீக்கவும் இயலும். எனினும், சிறிதளவேனும் அபாயமுள்ள அறுவை முறை இது; ஆதலின் தக்க காரணமின்றிச் செய்தலாகாது.

விளைச்சல் பொய்த்தால் மண்ணை மட்டுமா சோதிக்கிறோம்? விதையையும் சோதிக்கிறோமன்றோ! பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனைத் தத்தம் ஊர்களில் எடுத்துரைத்து, ‘மலடி’ என்னும் பழிச்சொல் ஒழிய உதவுவார்களாக.