உருள்பட்டைக்கு நிறம் தீட்டும் உரிமை

தஞ்சை அரண்மனை வளாகத்திலே, நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி, பின்னர் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் வித்தியா தாகத்தினால் பெருகி வளர்ந்த சரஸ்வதி மகால் நூலகத்தில், மரச்சட்டங்களுக்கிடையே கயிறு கோத்துக் கட்டிய ஏட்டுச் சுவடி ஒன்றைக் கையிலெடுக்கும் வாசகருக்கு, படித்தது இவ்வளவு, படிக்க வேண்டியது இவ்வளவு என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரு புறத்துக் கனமும் கைக்கே தெரிந்துவிடுகிறது. கணினித் திரைக்கு அந்தக் கனம் இல்லை. ஆகவே அதற்குப் பிரதியாகத் திரையின் ஓரத்தில் ஒரு தடத்தையும், அதில் ஏறி இறங்கும் ஒரு கட்டையையும் வைத்தார்கள். ஸ்க்ரோல் பார் என்று எல்லோரும் சொல்வதும், தமிழ்க் கணிமை எழுத்தாளர்கள் உருள்பட்டை என்று எழுதுவதும் இதைத்தான்.

அக்கட்டையின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பக்கம் முழுவதிலும் திரையில் தெரிவது எத்தனை பங்கோ, தடத்தின் நீளத்தில் கட்டையும் அத்தனை பங்கு. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலே, காவிரி நாட்டைக் களமாகக் கொண்ட ‘பொன்னியின் செல்வ’னின் ஒரு பாகத்தைத் திறந்து பார்த்தால், கட்டை சிறு துண்டாகக் குறுகி நிற்பதைக் காணலாம், கணக்கை அப்படியே விட்டால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் என்பதால், ஓரளவுக்குக் கீழே அது குறுகாதபடி உலாவிகள் தடுத்து வைத்திருக்கின்றன.

இத்தகைய ஒரு கருவி உலாவிக்குச் சொந்தமா, பக்கத்தை வடிவமைப்பவருக்குச் சொந்தமா என்ற விவகாரம் கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5, கட்டையின் முகம், நிழல், அம்புக்குறி, தடம் என்று தனித்தனியே நிறம் தீட்டிக்கொள்ள எட்டுப் பண்புகளை வடிவமைப்பாளர் கையில் கொடுத்துவிட்டது. கொடுத்ததும் ஊதாப் பின்புலத்தில் மஞ்சள் பட்டை, கறுப்பில் சிவப்புப் பட்டை என்று உற்சாகம் கரை கடந்தது. உருள்பட்டை உலாவியின் அங்கம், எந்தத் தளத்துக்குப் போனாலும் அது ஒரே விதமாக இருந்தால்தான் பழகிய கண் அதைத் தேடாமல் கண்டுகொள்ளும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் இருண்ட பின்புலம் கொண்ட பக்கத்தின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை நிற்பதைச் சகிக்க முடியாத கலைஞனின் ஆதங்கத்தையும் தள்ளிவிட முடியாது.

2009ஆம் ஆண்டில் வெப்கிட் என்னும் உலாவி இயந்திரம் இன்னும் தாராளமாக, பட்டையின் அகலம், முனையின் வளைவு, பின்னணிப் படம் வரைக்கும் மாற்ற இடங்கொடுத்தது. ஃபயர்பாக்ஸோ 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்பில்தான், அதுவும் அளவோடு, இணங்கியது. அந்த அளவே இப்போது பொது நியமமாகியிருக்கிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதை 2021 டிசம்பரில் பரிந்துரைக்குரிய வரைவாக வெளியிட, குரோம் 2024 ஜனவரியில் 121ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. நியமத்தில் இருப்பவை இரண்டே பண்புகள். ‘ஸ்க்ரோல்பார்-கலர்’ என்பதற்கு இரண்டு நிறங்கள் தரலாம்: முதலாவது கட்டைக்கு, இரண்டாவது தடத்துக்கு. ‘ஸ்க்ரோல்பார்-விட்த்’ என்பதற்கு, இயல்பான அகலம், மெல்லிய அகலம், ஒன்றுமில்லாமை என்ற மூன்றைத் தவிர வேறு மதிப்பு இல்லை. இத்தனை பிக்சல் என்று எண் எழுதுவதற்கு வழியே கிடையாது. பார்வைக் குறைவுள்ளவர் விண்டோஸில் உயர் வேறுபாட்டு நிறங்களை வைத்துக்கொண்டால், வடிவமைப்பாளர் தீட்டிய நிறம் தானாக விலகிக்கொள்கிறது.

இதில் பலரும் கவனியாத சூட்சுமம் ஒன்று இருக்கிறது. இணைய அணுகல்தன்மைக்கான 2018ஆம் ஆண்டு விதிகள், பொத்தான், பட்டை முதலிய உறுப்புகள் பக்கத்து நிறத்திலிருந்து 3க்கு 1 என்ற விகிதமாவது வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கின்றன. ஆனால் உலாவி தந்த தோற்றத்தை வடிவமைப்பாளர் தொடாமல் விட்டிருந்தால் அவருக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. நிறத்தை மாற்றிய கணமே விலக்குப் போய்விடுகிறது. வெளிர்சாம்பல் தடத்தில் அதனினும் சற்றே அடர்ந்த சாம்பல் கட்டையை ஓடவிட்டு நாகரிகம் என்று மகிழ்பவர்கள், கண் மங்கிய வாசகர் அதைக் காணாமல் தவிப்பதற்குத் தாமே உத்தரவாதிகள் ஆகிறார்கள்.

நிறத்தைக் காட்டிலும் மறைப்பதுதான் பெரிய தொல்லை. ஆப்பிள் நிறுவனம் 2011இல் தன் மேக் கணினிகளில், உருட்டும்போது மட்டும் தோன்றிப் பின் மறையும் பட்டையைக் கொண்டுவந்தது; கைப்பேசிகளிலும் அதே வழக்கம். செங்குத்தாக நீளும் பக்கத்துக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, கீழே இழுப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. பக்கவாட்டில் நீளும் அட்டவணைக்குத்தான் ஆபத்து. டெல்டா விவசாயிகளுக்காக நெல் ரகங்களை ஒருவர் பட்டியலிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 43 குறுவைக்கு, வயது ஏறத்தாழ 110 நாள், சி.ஆர். 1009 சம்பாவுக்கு, வயது 155 நாளுக்கும் மேல். ரகம், பருவம், வயது வரைக்கும் கைப்பேசித் திரையில் அடங்கிவிடுகின்றன. நோய் எதிர்ப்பும் வெள்ளம் தாங்கும் திறனும் ஓரத்துக்கு அப்பால் போய்விடுகின்றன. பட்டை தெரியாதபோது, ஒரத்தநாட்டிலோ திருத்துறைப்பூண்டியிலோ அதைப் பார்க்கிறவர், பட்டியல் அவ்வளவுதான் என்று நினைத்து மூடிவிடுவார். இ-சேவை மையத்தில் மவுஸைப் பிடித்து, விண்டோஸில் நெடுங்காலமாக 17 பிக்சல் அகலமிருந்த கட்டையை இழுத்தே பழகிய முதியவருக்கு, அதை மெல்லிய கோடாக்கிவிட்டால் பிடிப்பதே சிரமம்.

ஆகையால் இன்று ஒரு தளத்தை அமைப்பவர், நிறத்துக்கு மேற்சொன்ன நியமப் பண்பையே பயன்படுத்துவது நலம். புதிய குரோமில் அதை எழுதிய இடத்தில் பழைய வெப்கிட் அலங்காரங்கள் செல்லுபடியாகா என்பதால் இரண்டையும் கலந்து எழுதிப் பயனில்லை. ‘ஒன்றுமில்லாமை’ என்ற மதிப்பை, முன்னும் பின்னும் செல்லப் பொத்தான்கள் வைத்த படவரிசை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நெல் ரக அட்டவணைக்கு அது கூடாது. அங்கே திரையோரத்து நிரல் பாதி வெட்டுண்டு தெரியும்படி அகலத்தை அமைத்துவிட்டால், பட்டை மறையும் கைப்பேசியிலும் அப்பால் ஏதோ இருக்கிறதென்று கண்டு விரல் தானே அதைத் தள்ளிப் பார்க்கும்.