அண்டா ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை?

உங்கள் அக்காவுக்குக் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். மாலை வரவேற்புக்குச் சமையல்காரர் கிடையாது. சித்தி, பெரியம்மா, மாமா எல்லோரும் சேர்ந்து வீட்டிலேயே சமைக்கிறார்கள். 5 மணிக்கே சாம்பார் தயார். பந்தி 8 மணிக்குத்தான். அதுவரை சூடு நிற்குமா?

“அது சரி, முதலில் சூடு ஏன் குறைகிறது?” என்று யாரோ கேட்பது என் காதில் விழுகிறது. சபாஷ்! அதைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். அண்டாவில் இருக்கும் சாம்பார் ஒரு மணி நேரம் கழித்தும் ஆவி பறக்கிறது. அதிலிருந்து மொண்டு சின்ன வாளியில் ஊற்றியதோ அதற்குள் வெதுவெதுப்பாகிவிடுகிறது. இரண்டும் ஒரே அடுப்பில் கொதித்ததுதானே?

ஓர் அச்சு வெல்லத்தை அப்படியே தண்ணீரில் போட்டால் மெல்லக் கரையும். தட்டிப் போட்டால் சட்டென்று கரையும். தண்ணீர் படும் இடம் கூடிவிட்டது, அவ்வளவுதான். சூடும் அப்படித்தான், வெளிக்காற்று படும் இடம் வழியாகவே வெளியேறுகிறது.

பென்சிலை எடுங்கள். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரப் பெட்டியில் 1 லிட்டர் பிடிக்கும். ஆறு பக்கமும் சேர்த்து 600 சதுர செ.மீ. பக்கத்தை 20 செ.மீ. ஆக்கினால் 8 லிட்டர் பிடிக்கும். வெளிப்பரப்போ 2400 சதுர செ.மீ. தான். 8 ஆல் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 300! பாதியாகிவிட்டதா? அதனால்தான் பெரிய பாத்திரம் மெதுவாக ஆறுகிறது. பந்தி தொடங்கும்வரை சாம்பாரை வாளிகளில் பிரிக்காதீர்கள் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

சரி, சூட்டை அதிகம் திருடுவது யார் தெரியுமா? ஆவி! ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சாம்பாரிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகிறது. 10 கிலோ சாம்பாரிலிருந்து 100 கிராம் நீர், அதாவது அரை டம்ளர்தான், ஆவியாகப் போனால் சாம்பாரின் சூடு ஏறக்குறைய 5 டிகிரி இறங்கிவிடும்.

மூடியைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். (பெரியவர் ஒருவர் தூக்கட்டும், ஆவி கையைச் சுட்டுவிடும்.) முத்து முத்தாக நீர்த்துளிகள்! தப்பி ஓடப் பார்த்த ஆவி மூடியில் முட்டி, தன் வெப்பத்தை அங்கேயே கொடுத்துவிட்டு, நீராகி உள்ளே சொட்டுகிறது. “உப்பு சரியா?” என்று ஆளாளுக்கு மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான் சாம்பாருக்கு முதல் எதிரி. ஒருவர் பார்த்தால் போதாதா?

அடுத்தது தரை. வெறும் சிமென்ட் தரையில் அண்டாவை வைத்தால் அடி வழியே சூடு இறங்கும். வைக்கோல் பிரிமணைமேல் வையுங்கள். சுற்றிலும் வைக்கோலைத் திணித்து, மேலே கோணிச் சாக்கு போர்த்துங்கள். வைக்கோலுக்கு நடுவே காற்று அசையாமல் மாட்டிக்கொள்கிறது. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. ஒன்று மட்டும் கவனம். பக்கத்தில் அடுப்போ தணலோ இருக்கவே கூடாது.

ஹாட்பேக் இருக்கிறதா? சோற்றைப் போடும் முன் கொதிநீர் ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் சோற்றின் சூட்டில் ஒரு பங்கைப் பாத்திரமே குடித்துவிடும்.

இவ்வளவு பாடு ருசிக்காக மட்டுமா? இல்லை, கண்ணுகளா. சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகத் தொடங்கும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. ஆறவிட்டுவிட்டு அப்புறம் சுடவைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. சமையலறை வெப்பமானி ஒன்று இருந்தால், கிளறிவிட்டு நடுவில் வைத்துப் பாருங்கள். 60க்கு அருகே வந்துவிட்டால் காத்திருக்காமல் அடுப்பேற்றிக் கொதிக்கவிட வேண்டும்.

அப்படியானால் வடையையும் மூடிவைக்கலாமா? யோசியுங்கள். வடையிலிருந்து வரும் ஆவியும் மூடியில் முட்டி, நீராகி, வடைமேலேயே சொட்டும். மொறுமொறுப்பு போய் நமுத்துவிடும். அதனால் மாவை ஆட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, இலை போட ஆரம்பித்ததும் எண்ணெயைக் காயவைக்கச் சொல்லுங்கள். முதல் ஈடு வடை உங்களுக்குத்தான், சித்தியிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.