உப்பு இழுக்கும், தக்காளி இனிக்கும்

பழவேற்காட்டுக் குப்பங்களில் கருவாடு போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மீனைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, உள்ளும் புறமும் கல் உப்பைத் தேய்த்து, தொட்டியில் அடுக்கி மூடிவைப்பார்கள். மறுநாள் திறந்து பார்த்தால் தொட்டியின் அடியில் தண்ணீர் நிற்கும். யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மீனுக்குள்ளிருந்துதான் வந்தது. மீனின் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வுக்கு ஒரு பக்கம் உப்பு குறைவு, மறுபக்கம் உப்பு அதிகம் என்றால், உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் போய்விடும். உங்கள் பாடநூலில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். கருவாடு போடும் ஆயாவுக்கு அந்தப் பெயர் தேவையில்லை. “உப்பு தண்ணியை இழுத்துடும்” என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். இந்தக் கட்டுரை முழுக்க நமக்குத் தேவைப்படுவதும் அந்த ஒரு வரிதான்.

இப்போது ஏரியைப் பாருங்கள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வாய்களின் பக்கம் ஏரி நீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். கோடையில் நிலைமை தலைகீழ். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, வெயிலில் நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால், கடலைவிட ஏரி அதிகமாகக் கரிக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் உதவும்.

இப்படிப்பட்ட ஏரிக்கரையின் உப்பு மண்ணில் ஒரு தக்காளி நாற்றை நட்டால் என்ன ஆகும்?

வேருக்கு வெளியே உப்பு, உள்ளே உப்பு குறைவு. கருவாட்டுத் தொட்டியில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தால் வாடும். சாதாரணத் தக்காளி கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு உப்பு இருந்தாலே திணறத் தொடங்கிவிடும். உமரிச் செடி மட்டும் அதே கரையில் எப்படிக் கொழுகொழுவென்று நிற்கிறது? ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உப்புக் கரிக்கும். உமரி உப்பைத் தன் உடம்புக்குள்ளேயே வாங்கி, செல்லுக்குள் தனி அறை போன்ற நுண்குமிழ்களில் பூட்டிவைக்கிறது. உள்ளேயும் உப்பு சேர்ந்துவிட்டதால், வெளியிலுள்ள உப்பு அதனிடமிருந்து தண்ணீரைப் பிடுங்க முடிவதில்லை.

உமரி செய்வதைச் செய்யத் தெரிந்த ஒரு தக்காளியும் உலகில் இருக்கிறது.

அதைத் தேடி நாம் பசிபிக் கடலுக்குப் போகவேண்டும். தக்காளியின் தாய்நாடு தென் அமெரிக்கா. நம் ஊரில் தக்காளி என்ற சொல், இந்தச் சிவப்புப் பழம் வருவதற்கு முன்பே இருந்தது. மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என்று வயல் வரப்பில் முளைப்பவையே நமது பழைய தக்காளிகள். காகிதப் பை போன்ற உறையோடு இருக்கும் சொடக்குத் தக்காளியை நெற்றியில் அடித்துச் சத்தம் எழுப்பி விளையாடியிருப்பீர்கள். ஐரோப்பியர் கப்பல்களில் வந்த புதிய பழத்துக்குச் சீமைத் தக்காளி என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் ‘சீமை’ உதிர்ந்துவிட்டது.

தென் அமெரிக்காவுக்கு மேற்கே கடல் நடுவே கலாபகஸ் தீவுகள் உள்ளன. 1835-இல் அங்கே இறங்கிய இளைஞர் சார்லஸ் டார்வின் சேகரித்த செடிகளில் காட்டுத் தக்காளியும் ஒன்று. எரிமலைப் பாறை இடுக்கில், கடல் சாரல் தெறிக்கும் இடத்தில்கூட வளரும் செடி அது. பழம் சிறியது. பழுத்தாலும் சிவக்காது. மஞ்சளும் ஆரஞ்சுமாகவே இருக்கும். 1924-இல் அந்தத் தீவுகளில் பூச்சிகளைத் தேடிப்போன எவலின் சீஸ்மன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் பெயரால், அதன் ஓர் இனத்தை அறிவியலில் ‘சொலானம் சீஸ்மனியே’ என்று அழைக்கிறார்கள்.

இந்தத் தக்காளி எளிதில் பிடிகொடுக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சார்லஸ் ரிக் என்றொரு தக்காளி ஆய்வாளர் இருந்தார். வாழ்நாள் முழுக்கக் காட்டுத் தக்காளிகளைத் தேடி அலைந்தவர். கலாபகஸ் விதைகளைக் கொண்டுவந்து விதைத்தார். முளைக்கவில்லை. மறுபடி விதைத்தார். மறுபடியும் ஏமாற்றம்தான். பறவைகளுக்குத் தின்னக் கொடுத்து, எச்சத்திலிருந்து விதையை எடுத்தும் பார்த்தார். பயனில்லை. பிறகுதான் அவருக்குத் தோன்றியது: அந்தத் தீவில் பழம் தின்பவர் யார்? ராட்சத ஆமைகள்! கலாபகஸ் ஆமைகளை வளர்த்துவந்த நண்பர் ஒருவருக்குப் பழங்களை அனுப்பிவைத்தார். ஆமை தின்றது. ஆமைக்கு எதிலும் அவசரம் கிடையாது அல்லவா? விதை அதன் வயிற்றில் மெதுவாக நகர்ந்து, பல நாள் கழித்துத்தான் சாணத்தோடு வெளியே வந்தது. அந்த விதைகள் முளைத்தன. தடித்த விதைத்தோலை ஆமையின் வயிறு கரைத்து மெலிதாக்கியிருந்தது. ரிக்கும் அந்த நண்பர் போமனும் 1961-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு ஆராய்ச்சியாளர் விடை தேடி ஆமைச் சாணத்தைக் கிளறினார் என்பதை நான் எப்போது நினைத்தாலும் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

1970-களில் அதே கலிபோர்னியாவில், கலாபகஸ் தக்காளிக்கும் சாதாரணத் தக்காளிக்கும் கடல்நீரின் அளவை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனார்கள். சாதாரணச் செடி பாதிக் கடல்நீரைத் தாண்ட முடியாமல் துவண்டது. கலாபகஸ் செடி முழுக் கடல்நீரிலும் உயிரோடு இருந்தது. சாதாரணச் செடி சோடியத்தை இலைக்குள் விடாமல் தடுத்துப் போராடிப் பார்க்கிறது. கலாபகஸ் செடியோ நம் உமரியைப் போல அதை உள்ளே வாங்கிச் சமாளிக்கிறது.

“அப்படியானால் பழம் உப்புக் கரிக்குமா?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. செடிக்குள் இரண்டு குழாய்ப் பாதைகள் உண்டு. வேரிலிருந்து தண்ணீரையும் உப்பையும் மேலே கொண்டுபோவது சைலம். இலையில் தயாரான சர்க்கரையை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோவது புளோயம். சைலம் கொண்டுவரும் நீரில் பெரும்பங்கு இலைக்குப் போய் ஆவியாகிறது, உப்பு இலையிலேயே தங்கிவிடுகிறது. பழத்துக்கு நீர் பெரும்பாலும் புளோயம் வழியே, சர்க்கரையோடு வருகிறது. அதனால் உப்பு நீரில் வளர்ந்த தக்காளி கரிப்பதில்லை. தண்ணீர் குறைவாகவும் சர்க்கரையும் புளிப்பும் அதிகமாகவும் சேர்வதால், பழம் சிறுத்து, ருசி கெட்டிப்படுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. ஜப்பானில் கோச்சி என்றொரு ஊர் இருக்கிறது (நம் கேரளத்துக் கொச்சி அல்ல). 1970-இல் வந்த புயலில் அங்கே கரை உடைந்து, தக்காளித் தோட்டங்களில் கடல்நீர் புகுந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்திருப்பார்கள். பிறகு அந்த உப்பேறிய மண்ணில் சின்னச் சின்னதாகக் காய்த்த தக்காளி பழம் மாதிரி இனித்தது. இன்று அது விலை உயர்ந்த தக்காளி. அதே நாட்டில் யாட்சுஷிரோ என்ற இடத்தில், கடலிலிருந்து மீட்ட நிலத்தில் விளைவதற்கு ‘உப்புத் தக்காளி’ என்றே பெயர்.

உடனே ஏரித் தண்ணீரை மொண்டு செடிக்கு ஊற்றக் கிளம்பிவிடாதீர்கள். இனிப்பு கூடும்போது விளைச்சல் குறைகிறது. உப்பு அதிகமானால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச்சேராமல் அதன் அடிப்பகுதி கறுத்து அழுகும். இன்னும் கூடினால் செடியே போய்விடும்.

கலாபகஸ் தக்காளி நம் கடைகளுக்கு வராது. ஆனால் அதன் பரம்பரைக் குணம் ஒன்று பலர் வீட்டுச் சாஸ் பாட்டிலுக்குள் வந்துவிட்டது. தக்காளிக் காம்பில் ஒரு கணு இருக்கும். பறிக்கும்போது அங்கேதான் ஒடியும். ஒட்டிக்கொண்டு வரும் காம்பு, கூடையில் மற்ற பழங்களைக் குத்தும். கலாபகஸ் தக்காளியில் அந்தக் கணு இல்லை. அந்தக் குணத்தைக் கலப்பினம் செய்து சேர்த்ததால்தான், வெளிநாடுகளில் இயந்திரம் வைத்துச் சாஸ் தக்காளியைக் காம்பில்லாமல் பறிக்க முடிகிறது.

நம் கடையில் கேட்டு வாங்கவேண்டியது நாட்டுத் தக்காளி. தேனி பக்கம் அன்னஞ்சி என்றொரு ஊர். அந்த ஊர்ப் பெயர் கொண்ட நாட்டு ரகத்தில் மரபணு மாற்றத்தைத் தூண்டிப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கியதுதான் பி.கே.எம். 1. தட்டையான உருண்டை, காம்பைச் சுற்றிப் பச்சைத் திட்டு. அந்தப் பச்சையைப் பார்த்து ‘பழுக்கவில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தவறு. பச்சைத் தோள் உள்ள பிஞ்சில் பச்சையம் அதிகம். காயே தனக்குக் கொஞ்சம் சர்க்கரை சமைத்துக்கொள்ளும். ஒரே சீராகச் சிவக்கும் தக்காளிகளில் அந்தத் திறனைத் தரும் மரபணு பழுதாகியிருக்கிறது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். அழகுக்காக ருசியை விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

சரி, மண்சட்டியை அடுப்பில் வைப்போம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஏரியில் பிடித்த மடவை மீன் அரைக் கிலோ, நாட்டுத் தக்காளி ஐந்தாறு. நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் தக்காளியைப் போட்டு தேவையான அளவு கல் உப்பையும் போடுங்கள். உற்றுப் பாருங்கள்: ஒரு நிமிடத்தில் சட்டியில் நீர் விட்டுக்கொள்ளும். கருவாட்டுத் தொட்டியில் பார்த்த அதே வேலை! மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் சேர்த்து வதக்கி, கொஞ்சமாகப் புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். மேலே சிவப்பாக எண்ணெய் பிரியும். அந்தச் சிவப்பு லைக்கோபீன். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கடைசியில் மீன். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்டிவிட்டால் துண்டு உடையாது. பத்து நிமிடம் போதும்.

மீன் குழம்பில் புளிப்பு எதற்கு? மீன் கவிச்சிக்கு முக்கியக் காரணம் டிரைமெத்தில் அமீன் என்ற பொருள். காற்றில் பறந்து மூக்கைத் தொடுவதால்தான் நாறுகிறது. தக்காளியின் சிட்ரிக் அமிலமும் புளியின் டார்டாரிக் அமிலமும் அதோடு சேர்ந்து ஒரு வகை உப்பாக மாற்றிவிடும். அந்த உப்பு பறக்காது, குழம்பிலேயே தங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. தக்காளியில் குளுட்டமேட் இருக்கிறது, மீனில் இனோசினேட். இரண்டும் சேரும்போது நாக்கு உணரும் ருசி பல மடங்கு கூடுகிறது. அலுமினியச் சட்டியில் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். குழம்புக்கு மண்சட்டியே நல்லது.

பால்சுறா கிடைத்தால் புட்டு செய்வார்களே, அந்தச் சுறாவும் நம் தக்காளியின் கூட்டாளிதான். உப்புக் கடல் தன் உடம்பு நீரை இழுத்துவிடாமல் இருக்க, அது யூரியாவை ரத்தத்திலும் சதையிலும் நிரப்பி வைத்துக்கொள்கிறது. தக்காளி சர்க்கரையைச் சேர்க்கிறது, சுறா யூரியாவைச் சேர்க்கிறது.

இனி உங்கள் முறை. ஒரே நாளில் முளைத்த இரண்டு நாட்டுத் தக்காளி நாற்றுகளைத் தனித்தனித் தொட்டியில் வையுங்கள். பிஞ்சு பிடிக்கும்வரை இரண்டுக்கும் நல்ல தண்ணீர். அதற்குப் பிறகு ஒன்றுக்கு மட்டும் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்பு கரைத்த நீர். வாரம் ஒருமுறை அந்தத் தொட்டியின் அடியில் வழியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள். தொட்டியில் மட்டும்தான், நிலத்தில் உப்பு போடக்கூடாது. பழுத்ததும் எடைபோடுங்கள். ஒரு வாளி நீரில் போட்டு எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பாருங்கள். சர்க்கரை சேரச் சேரப் பழம் கனத்து, மூழ்கப் பார்க்கும். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு ருசித்துப் பாருங்கள். எத்தனை பழம், எத்தனை கிராம், எது இனித்தது என்று எண்களோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். செடி வாடிப்போயிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.