92 பேர் படிக்கும் அரசுப் பள்ளியை எப்படி எடைபோடுவது?

ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 92 பேர் படிக்கிறார்கள். தலைமையாசிரியரோடு ஆறு ஆசிரியர் பணியிடங்கள். “பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு இவ்வளவு செலவா?” என்று ஒருவர் கேட்பார். “பதினைந்து பேருக்கு ஓர் ஆசிரியர், வேறெங்கே கிடைக்கும்?” என்று இன்னொருவர் சொல்வார். இருவரும் பார்ப்பது ஒரே அட்டவணையைத்தான்.

92 என்பது விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண். தமிழ்நாட்டில் இந்த அளவுள்ள உயர்நிலைப் பள்ளிகள் பல உண்டு. இவற்றை மூட வேண்டும், இணைக்க வேண்டும், காப்பாற்ற வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் மாணவர் சேர்க்கையும் நிதியுமே ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. அந்த எண்களைப் படிக்கும் முறையைப் பார்ப்போம்.

எண்கள் எங்கே கிடைக்கும்?

நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யு-டைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். ஒன்றிய அரசின் யு-டைஸ் பிளஸ் இணையதளத்தில் பள்ளியின் அறிக்கை அட்டையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வகுப்புவாரியாக ஆண், பெண் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, வந்த மானியம், செலவான மானியம் எல்லாம் அதில் இருக்கும்.

முதலில் தேதியைக் கவனிக்க வேண்டும். யு-டைஸ் கணக்கு செப்டம்பர் 30-ஆம் தேதி நிலவரத்தைச் சொல்வது. தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியாளர் நிர்ணயத்துக்கு எடுத்துக்கொள்வதோ ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கை. ஒரே பள்ளிக்கு இரண்டு ஆவணங்களில் இரண்டு எண்கள் இருந்தால் யாரோ கணக்கை மாற்றிவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை.

சேர்க்கை குறைந்தால் பள்ளி மோசமா?

எந்த ஆண்டிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. கொரோனா காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் ஏராளமான பெற்றோர் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளுக்கு மாற்றினார்கள். 2021-22-இல் தொடங்கும் வரைபடம் அதனாலேயே பல பள்ளிகளில் சரிவாகத் தெரியும். 2018-19-இலிருந்து பார்த்தால் அதே பள்ளி நிலையாக இருப்பதாகத் தோன்றக்கூடும். 2022-23 முதல் யு-டைஸ் பிளஸ் மொத்த எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே பதிவு செய்கிறது. ஆகவே அதற்கு முந்தைய எண்களோடு நேரடியாக ஒப்பிடுவதும் சரியல்ல.

பிள்ளைகளே குறைந்துவருகிறார்கள் என்பதும் உண்மை. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1.4. மக்கள்தொகை குறையாமலிருக்கத் தேவையான அளவு 2.1. பள்ளி எந்தத் தவறும் செய்யாமலேயே 6-ஆம் வகுப்பு சுருங்கலாம்.

மொத்த எண்ணிக்கையைவிட ஒரே அணி மாணவர்களைத் தொடர்ந்து பார்ப்பது பயன் தரும். 2020-21-இல் 6-ஆம் வகுப்பில் 24 பேர் இருந்தார்கள், 2024-25-இல் 10-ஆம் வகுப்பில் 20 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர்தான் குறைவு என்று நினைப்போம். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த ஐந்து பேர் 9-இல் வந்து சேர்ந்திருந்தால், பழைய அணியில் காணாமல் போனவர்கள் ஒன்பது பேர். மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளிக்குப் போனவர்கள் எத்தனை பேர், படிப்பையே விட்டவர்கள் எத்தனை பேர் என்பது தலைமையாசிரியருக்குப் பெயர் பெயராகத் தெரியும். சிறிய பள்ளியின் பெரிய வசதி இதுதான்.

தலைக்கு எவ்வளவு செலவு?

பள்ளியின் கைக்கு நேராக வரும் பணம் மிகக் குறைவு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்‌ஷா) ஆண்டுதோறும் தரப்படும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் படிப்படியாகப் பார்க்கிறது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும்.

92 பேர் உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய். தலைக்கு ஏறத்தாழ 272. 800 பேர் உள்ள பள்ளிக்குத் தலைக்கு 94 ரூபாய்கூட இல்லை. சிறிய பள்ளிக்கு மும்மடங்கு கிடைப்பதுபோல் தெரிகிறது. ஆனால் இணைய இணைப்பு, மோட்டார் பழுது போன்ற செலவுகள் பிள்ளைகள் குறைவதால் அதே அளவில் குறைந்துவிடுவதில்லை. இன்னும் ஒன்பது பேர் சேர்ந்து 101 ஆனால் மானியம் இரு மடங்காகும். 92-க்கும் 101-க்கும் நிர்வாகத் திறமையில் இருக்கும் வித்தியாசத்தை இந்த 25,000 ரூபாய் காட்டாது.

இந்த மானியம் வருவதும் பள்ளியின் கையில் இல்லை. இத்திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேரும் ஒப்பந்தம் தொடர்பான பிணக்கில் தமிழ்நாட்டுக்கு 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டின் மானியக் கட்டத்தை வைத்துத் தலைமையாசிரியரின் திறமையை அளக்க முடியாது.

பெரிய செலவு சம்பளம். அது கருவூலத்தின் வழியே ஆசிரியருக்கு நேரே போகிறது. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 36,400 ரூபாய். ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 21,84,000. இதை 92 ஆல் வகுத்தால் தலைக்கு 23,739 ரூபாய். மாணவர் எண்ணிக்கை 60 ஆகக் குறைந்தால் தலைக்கு 36,400. அரசு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவிடவில்லை, ஆனால் பள்ளி ஊதாரியாகிவிட்டது!

ஆசிரியர் போதுமா?

2024-25 யு-டைஸ் பிளஸ் அறிக்கையின்படி 9 முதல் 12 வரையிலான நிலையில் ஓர் ஆசிரியருக்கு நாடு முழுவதும் சராசரியாக 21 மாணவர்கள். நம் பள்ளியில் 15. கணித ஆசிரியர் இடம் காலியானால் 18. காகிதத்தில் அப்போதும் தேசிய சராசரியைவிட நல்ல நிலைதான். பள்ளியிலோ ஐந்து வகுப்புக்கும் கணக்கு நடத்த ஆள் இல்லை. இன்னொருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போனால் தலைமையாசிரியரும் வகுப்பில் நின்றாலும் ஏதோ ஒரு வகுப்பு ஆளில்லாமல் இருக்கும்.

8-ஆம் வகுப்பு வரைக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அறுபது ஆசிரியர் உள்ள பள்ளியில் ஆறு இடம் காலியாகும்வரை பொறுக்கலாம். ஆறு பணியிடம் உள்ள பள்ளியில் முதல் காலியிடமே 16.7 விழுக்காடு. அதனால் சிறிய பள்ளியில் கேட்க வேண்டியது ஆசிரியர்-மாணவர் விகிதத்தை அல்ல, எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, எத்தனை மாதமாக இல்லை என்பதை.

நூற்றுக்கு நூறு எவ்வளவு பெரிய செய்தி?

பத்தாம் வகுப்பில் 14 பேர் எழுதி 14 பேரும் தேறினால் பள்ளி வாசலில் பேனர் வரும். அடுத்த ஆண்டு ஒரே ஒருவர் தவறினால் 92.9 விழுக்காடு, 2025-இன் மாநிலத் தேர்ச்சியான 93.80-க்குக் கீழே போய்விட்டது. ஒரு பிள்ளையின் காய்ச்சல் ஏழு விழுக்காட்டைக் கொண்டுபோய்விடும். 200 பேர் எழுதும் பள்ளியில் அதே காய்ச்சலின் மதிப்பு அரை விழுக்காடு.

அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹோவர்ட் வைனர் பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பள்ளிகளில் இதைக் காட்டினார். மதிப்பெண்ணில் முதல் 50 இடம் பிடித்த பள்ளிகளில் ஆறு, மாநிலத்தின் மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. சிறிய பள்ளிதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் கடைசி 50 இடங்களில் அதே சிறிய பள்ளிகள் ஒன்பது இருந்தன. எண்ணிக்கை சிறிதானால் சராசரி இரு பக்கமும் அதிகமாக ஆடும். மூன்று நான்கு ஆண்டுத் தேர்வு முடிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால்தான் பள்ளியின் உண்மையான போக்கு பிடிபடும்.

என்ன கேட்கலாம்?

பள்ளியை மேம்படுத்தும் திட்டம் போடவும் மானியச் செலவைக் கண்காணிக்கவும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் போதும். ஐந்து ஆண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் இன்று இங்கே இல்லாதவர்கள் யார் யார், எங்கே போனார்கள்? இந்த ஆண்டு எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை? மானியம் எப்போது வந்தது, எதற்குச் செலவானது?

பள்ளியை இணைக்கும் பேச்சு வந்தால் நான்காவதையும் சேர்த்துக்கொள்ளலாம்: அடுத்த உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறதா, மாலை வகுப்பு முடிந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை வீடு திரும்பப் பேருந்து உண்டா? 92 பேர் என்பதால் இவற்றுக்குச் சராசரியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பதில் சொல்ல முடியும். அந்தப் பதில்கள் கைக்கு வரும் முன்னே மூடுவதா, வளர்ப்பதா என்று முடிவெடுப்பது அவசரம்.