புகைக்குழாய் எந்தப் பக்கம் சாய வேண்டும்?

குளிர்காலத்தில் லண்டன் புறநகர்த் தெருக்களில் நடந்தால், வீட்டுக்கு வீடு சுவரிலிருந்து ஒரு குட்டைக் குழாய் எட்டிப் பார்க்கும். அதன் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ குபுகுபுவென்று கிளம்பும். புகை என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அது நீராவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். உள்ளே, சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பாய்லர் இயற்கை எரிவாயுவை எரித்து, அறைகளின் ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

நெருப்பிலிருந்து தண்ணீரா? ஆமாம். மீத்தேன் மூலக்கூறு ஒன்றில் நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது அவை இரண்டு நீர் மூலக்கூறுகளாகிவிடும். ஒரு கன மீட்டர் வாயு எரிய ஏறக்குறைய பத்து கன மீட்டர் காற்று தேவை. எரிந்து முடிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் மிஞ்சும். பழைய பாய்லர்களில் அது முழுக்க ஆவியாகவே வெளியேறியது, தன்னிடமிருந்த வெப்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. புகையைச் சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரவைத்தால், சோற்றுப்பானை மூடியில் நீர் கோப்பதுபோல ஆவி தண்ணீராக மாறி அந்த வெப்பத்தைத் திருப்பித் தரும். இதுதான் கண்டென்சிங் பாய்லர். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏப்ரல் 2005 முதல், சில விலக்குகள் நீங்கலாக, புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கேதான் பொருத்துபவர்களின் பழைய கைப்பழக்கம் தலைகீழானது. முன்பெல்லாம் மழைநீர் உள்ளே வராதிருக்கப் புகைக்குழாயை வெளிப்பக்கம் சற்றே சரித்து வைப்பார்கள். இப்போது குழாய் பாய்லரை நோக்கிச் சாய வேண்டும். பல மாடல்களில் மீட்டருக்கு 5 செ.மீ. அளவுக்கு. குழாய்க்குள் கோக்கும் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல, அமிலத்தன்மை உள்ளது. அது வெளியே சொட்டினால் சுவரைக் கெடுக்கும், நடைபாதையில் உறையும். உள்ளே வழிந்துவந்தால் பாய்லரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் குழாய் வழியே சாக்கடைக்குப் போய்விடும். செம்புக் குழாயை இதற்குப் போட்டால் அமிலம் அரித்துவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே குழாயாகத் தெரிவது உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. பரவலாக இருக்கும் அளவு, உள்குழாய் 60 மி.மீ., வெளிக்குழாய் 100 மி.மீ. உள்ளே இருப்பதில் புகை வெளியே போகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் எரிவதற்கான காற்று உள்ளே வரும், வரும் வழியிலேயே கொஞ்சம் சூடேறிக்கொண்டு. அறைக் காற்றை பாய்லர் தொடுவதே இல்லை. ஜன்னல்களை இறுக்கி அடைத்த குளிர்நாட்டு வீடுகளுக்கு இது பெரிய பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பு ஒரு ரப்பர் வளையத்தை நம்பியிருக்கிறது. குழாயை அளவுக்கு அறுத்தபின் விளிம்பில் பிசிறு நிற்கும். அதை அரம் போட்டு மழுக்காமல் அப்படியே சொருகினால் இணைப்பிலுள்ள ரப்பர் கிழியும், அல்லது மடங்கிக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே புகை கசிந்து, வரும் காற்றோடு கலக்கும், ஆக்சிஜன் குறையும், சுடர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும் வாயு அது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால்தான் வேலை முடிந்ததும் பொருத்துபவர், காற்று வரும் இடைவெளியில் வாயு அளக்கும் கருவியின் முனையைச் செருகிப் பார்க்கிறார். ஆக்சிஜன் 20.6 சதவீதத்துக்குக் குறைந்தால் எங்கோ கசிவு என்று பொருள். பாய்லர் விளம்பரங்களில் தொடுதிரையும் வைஃபையும்தான் பெரிதாக இருக்கும். வாங்குபவர் உண்மையில் கேட்டு வாங்க வேண்டியது இந்த எண்ணை.

2008-ல் மேற்கு லண்டனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இளம்பெண் ஒருவர் கார்பன் மோனாக்சைடால் இறந்தார். கூரைப் பலகைக்கு மேலே ஒளிந்திருந்த புகைக்குழாய் இணைப்பு விட்டுப் போயிருந்தது. அழகுக்காக மூடிய குழாயை யாரும் பார்க்க வழியில்லை. பிறகு, இப்படி மறைத்த குழாய்களுக்குச் சோதனைக் கதவுகள் வைக்கச் சொன்னார்கள். 2013 தொடக்கத்திலிருந்து, கதவு இல்லாத இடத்தில் பாய்லரை நிறுத்திவிடும்படி வீட்டுக்காரரிடம் பொருத்துபவர் சொல்ல வேண்டும் என்றானது.

மற்றொரு சிக்கல் உயிர்போகிற அளவுக்கு இல்லை, ஆனால் எரிச்சலூட்டுவது. டிசம்பர் 2010-ல் பிரிட்டனைக் கடுங்குளிர் வாட்டியபோது, அமிலநீர் போகும் ஒல்லிக் குழாய் வீட்டுக்கு வெளியே உறைந்து அடைத்துக்கொண்டு, ஏராளமான பாய்லர்கள் தாமாகவே நின்றுபோயின. கெட்டிலில் நீரைச் சுடவைத்து, வாசலில் நின்று குழாய்மேல் ஊற்றினார்கள் ஜனங்கள். இப்போது வெளியே ஓடும் பகுதிக்கு 32 மி.மீ. குழாய் போட்டு, குளிர் தாக்காத உறையும் சுற்றுகிறார்கள். முடிந்தால் வெளியே கொண்டுபோகாமல், சமையலறைத் தொட்டியின் கழிவுக்குழாயிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.