நகத்தில் தெரியும் நெஞ்சு நோய்

இரு ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் பொருந்தச் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நகங்களின் அடியில் வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விரல்நுனி தடித்திருக்கலாம். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத், இதய வால்வில் கிருமித்தொற்று கண்டிருந்தபோது தன் விரல்களிலேயே பார்த்து 1976-இல் எழுதிய சோதனை இது.

விரல்நுனி உருண்டு, நகம் கிளிமூக்காக வளைவதை ஹிப்போக்ரட்டஸ் காலத்து மருத்துவர்களே நெஞ்சில் சீழ் கோத்தவர்களிடம் கண்டார்கள். வலிக்காது; அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. நுரையீரல் புற்று, நாள்பட்ட நுரையீரல் சீழ், பிறவியிலேயே உடல் நீலம் பாரிக்கும் இதயக் கோளாறு, கல்லீரல் நோய் எனப் பின்னணி பல. சிலருக்குப் பரம்பரையாக வரும், அதில் பயமில்லை.

கணுக்கால், மணிக்கட்டு எலும்புகளின் மேலுறையும் தடித்து வலித்தால் கதை வேறு. வாதம் என்று தைலம் தேய்த்து மாதங்களைக் கழிப்பது நம் பக்கத்துப் பழக்கம். பெரியவர்களிடம் இந்தத் தடிப்புக்கும் வலிக்கும் பெரும்பாலும் காரணம் நுரையீரல் புற்று.

புற்று என்றதும் சென்னை அடையாறுதான் நினைவுக்கு வரும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆனால் விரல் தடித்திருந்தால், புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிக்காரர்களான நாம் முதலில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் விரலைக் காட்டி, நெஞ்சு எக்ஸ்ரே வேண்டுமா என்று கேளுங்கள்.