கிறிஸ்துமஸ் விளக்கொளியில் கிளைவ் மாளிகை: சுங்குவார்சத்திரம் சாலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

டிசம்பர் நடுவில் சுங்குவார்சத்திரம், ஒரகடம் கம்பெனிகளில் ஒரு மாற்றம் தெரியும். ஐரோப்பிய கஸ்டமர்களுக்கு மெயில் போட்டால், 'விடுமுறையில் இருக்கிறேன், ஜனவரியில் பேசலாம்' என்று தானாகப் பதில் வரும். பிராஜெக்ட் வேலையாக இங்கிலாந்து போயிருக்கும் நம்ம ஆட்களோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படமாகப் போட்டுத் தள்ளுவார்கள். பெரிய மாளிகை, வாசலில் உயரமான கிறிஸ்துமஸ் மரம், தோட்டம் முழுக்க விளக்குகள்.

"செம்ம இடம்ல!" என்று கமென்ட் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இப்படிப்பட்ட மாளிகைகளில் சிலவற்றின் கதை, ஷிப்ட் பஸ்ஸில் நாம் தினமும் போய்வரும் சென்னை - பெங்களூரு சாலைப் பக்கம்தான் தொடங்குகிறது. எப்படி? பார்ப்போம்.

இந்த மாளிகைகள் யாருடையவை?

பிரிட்டனின் பிரபுக் குடும்பங்கள் கிராமப்புறத்தில் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. பெயர்தான் வீடு. நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டம், ஏரி, காடு, வேலைக்காரர்களுக்கான தனிப் பகுதி எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஊர் மாதிரி இருக்கும்.

முதலில் இவை குத்தகை நிலத்தின் வருமானத்தில் எழுந்தன. 18-ம் நூற்றாண்டில் வேறு வழிகளிலும் பணம் வந்தது. ஒன்று, கரீபியன் தீவுகளில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்கள். இன்னொன்று, கிழக்கிந்தியக் கம்பெனி. இந்தியாவில் சம்பாதித்துத் திடீர் பணக்காரர்களாக ஊர் திரும்பியவர்களை ஆங்கிலேயர்களே 'நபாப்' என்று கிண்டல் செய்தார்கள். நம்ம 'நவாப்'தான் அங்கே போய் அப்படி மாறியது.

பிறகு ஏன் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்?

முக்கியக் காரணம் வரி. 20-ம் நூற்றாண்டில் பிரிட்டனில் வாரிசுச் சொத்து மீதான வரி கடுமையாக உயர்ந்தது. டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகை நல்ல உதாரணம். அதன் உரிமையாளரான 10-வது டெவன்ஷயர் பிரபு 1950-ல் இறந்தபோது, சொத்தின் மீது 80 சதவீத வரி விழுந்தது. அதை அடைக்க நிலங்களையும் ஓவியங்களையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. குடும்பத்தின் இன்னொரு மாளிகையான ஹார்ட்விக் ஹால், 1959-ல் நேஷனல் டிரஸ்ட் கைக்குப் போனது.

1895-ல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட், வரலாற்று இடங்களையும் இயற்கைப் பகுதிகளையும் பாதுகாக்கும் தொண்டு அமைப்பு. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். டிக்கெட், உறுப்பினர் சந்தா, டீக்கடை, பரிசுப்பொருள் கடை வருமானமெல்லாம் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளச் செலவாகிறது.

கிறிஸ்துமஸில் என்ன ஸ்பெஷல்?

குளிர்காலத்தில் பல மாளிகைகளை மூடி, நாற்காலி, திரைச்சீலை, சரவிளக்குகளைத் துணியால் போர்த்திவிடுவது வழக்கம். டிசம்பர் மட்டும் விதிவிலக்கு. அறைக்கு அறை அலங்காரம், பாட்டு, மாலையில் தோட்டத்தில் விளக்குப் பாதை என்று கூட்டம் சேரும்.

உள்ளே கொஞ்சம் இருட்டாக இருந்தால், பண்டிகைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் பழைய துணியும் சாயமும் வெளுத்துவிடும் என்பதும் காரணம். மரம், இலை, கிளை என்று உள்ளே வருவதில் பூச்சி இருந்தால் பழைய மரச்சாமானுக்கும் கம்பளத்துக்கும் ஆபத்து. அதனால் அலங்காரத்துக்குப் பின்னால் பாதுகாப்பு வேலையும் நிறைய இருக்கும்.

சரி, நம்ம சாலை எங்கே வருகிறது?

1751 ஆகஸ்ட் கடைசி. ராபர்ட் கிளைவ் என்ற 25 வயது இளைஞர் சுமார் 200 ஆங்கிலேய வீரர்கள், 300 இந்தியச் சிப்பாய்களுடன் சென்னையிலிருந்து கிளம்பி, காஞ்சிபுரம் வழியாக ஆற்காடு போனார். கோட்டையைப் பிடித்தார், பிறகு 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அவர் பெயர் லண்டன் வரை போனது இதற்குப் பிறகுதான்.

பணம் எப்படி வந்தது? கம்பெனிப் படைக்கு உணவு, பொருள் சப்ளை செய்யும் பொறுப்பு கிளைவிடம் இருந்தது. இன்றைய பாஷையில் சொன்னால், கேன்டீன் கான்ட்ராக்ட். 1753-ல் ஊர் திரும்பியபோது அவர் கையில் சுமார் 40 ஆயிரம் பவுண்டு இருந்தது. 1757 பிளாசி போருக்குப் பிறகு வங்காளத்தில் கிடைத்தது 2 லட்சத்து 34 ஆயிரம் பவுண்டு. லண்டனுக்குத் தெற்கே, சர்ரே பகுதியில் கிளேர்மாண்ட் என்ற பழைய மாளிகையை வாங்கி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். நிம்மதியாகக் குடியிருக்கும் முன்பே, 1774-ல் இறந்துவிட்டார். இப்போது அந்தக் கட்டடத்தில் பள்ளி நடக்கிறது. பக்கத்துத் தோட்டத்தை நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது.

அடுத்தது 1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில், கர்னல் வில்லியம் பெய்லியின் சுமார் 3,800 பேர் கொண்ட படையை ஹைதர் அலியும் திப்புவும் ராக்கெட்டுகளையும் பயன்படுத்தி நிர்மூலம் ஆக்கினார்கள். காஞ்சிபுரத்தில் பெரும்படையுடன் இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனரக பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்தியாவில் கம்பெனி சந்தித்த மிக மோசமான தோல்விகளில் இது ஒன்று.

அதற்கான கணக்கு 19 வருடம் கழித்துத் தீர்க்கப்பட்டது. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார், நகரம் சூறையாடப்பட்டது. அப்போது சென்னை ஆளுநர் யார் தெரியுமா? ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ்.

அந்தப் பொருட்கள் இப்போது எங்கே?

கணிசமான பகுதி போயிஸ் கோட்டையில் இருக்கிறது. இங்கிலாந்து எல்லையை ஒட்டி, வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊருக்கு அருகில் உள்ள சிவப்புக் கல் கோட்டை அது. எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா, அந்தக் கோட்டைக்குச் சொந்தமான ஹெர்பர்ட் குடும்பத்துப் பெண். கோட்டை பழுதாகிக் கிடந்தது. கிளைவ் குடும்பத்துப் பணம்தான் அதைத் தூக்கி நிறுத்தியது. 1952-ல் நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தது.

அங்குள்ள கிளைவ் அருங்காட்சியகத்தில் திப்புவின் சிம்மாசனத்தை அலங்கரித்த தங்கப் புலித்தலைகளில் ஒன்று இருக்கிறது. வாள்கள், பல்லக்கு எல்லாம் உண்டு. பூ வேலைப்பாடு செய்த திப்புவின் சீட்டித் துணிக் கூடாரமும் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கூடாரத்தைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் பயன்படுத்தினார்கள். போர்க்களத்துக்குப் போன ஒரு அரசனின் கூடாரம், விருந்தாளிகள் டீ குடிக்கும் நிழலாகிவிட்டது!

கொள்ளையடித்ததைக் குறிக்க ஆங்கிலத்தில் இருக்கும் 'லூட்' என்ற சொல்லே இந்தியிலிருந்து போனதுதான்.

தோட்டத்தில் என்ன இருக்கிறது?

தோட்டமும் வெறும் பூ, புல் விஷயம் இல்லை. உலகம் முழுக்கச் செடி தேடி ஆள் அனுப்பிய காலம் அது. ஹென்ரியட்டாவே 1800-ல் மகள்களுடன் தென்னிந்தியாவைப் பல மாதம் சுற்றி, செடிகளையும் கற்களையும் சேகரித்தார்.

சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1830-களில் கண்ணாடி வீட்டுக்குள் ஒரு குட்டை வாழையை வளர்த்தார். மொரீஷியஸிலிருந்து வந்த ரகம். முதலாளியின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார்: கேவண்டிஷ். இன்று உலகச் சந்தையில் அதிகம் விற்கும் வாழை வகை அதுதான். நம்ம பழக்கடையில் தொங்கும் ஜி-9 அந்த வகையைச் சேர்ந்ததே. கம்பெனி கேன்டீனில் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கும் பழமும் அதுவாக இருக்கலாம்.

இதையெல்லாம் அவர்கள் சொல்கிறார்களா?

இப்போது சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் வெளியிட்ட அறிக்கை, தன் வசமுள்ள இடங்களில் 93-க்குக் காலனி ஆட்சி, அடிமை வணிகத்துடன் தொடர்பு உண்டு என்று பட்டியலிட்டது. 'லீவுக்கு வந்த இடத்தில் எதற்குக் குற்ற உணர்ச்சி?' என்று அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்து, அறிக்கை வெளியிட்டதில் விதிமீறல் எதுவும் இல்லை என்றது. பொருட்களைத் திருப்பித் தர வேண்டுமா என்ற விவாதம் தொடர்கிறது.

நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. நாம் கேட்காவிட்டால், அந்தக் கூடாரம் அழகான ஒரு துணி மட்டும்தான்.

போனால் எதைக் கவனிக்கலாம்?

* டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். தோட்டத்தை முதலில் பாருங்கள், வீட்டை அப்புறம்.
* டிசம்பர் 25 அன்று பெரும்பாலான மாளிகைகள் மூடியிருக்கும், ரயிலும் ஓடாது. முன்பதிவு தேவையா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.
* அறைகளில் நிற்கும் தன்னார்வலர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "இது எப்படி இங்கே வந்தது?" என்று தயங்காமல் கேளுங்கள். பலகையில் இல்லாத தகவலும் கிடைக்கலாம்.
* கட்டியவர் யார், பணம் எங்கிருந்து வந்தது, இன்று செலவை யார் பார்க்கிறார்கள்? எந்த மாளிகைக்கும் இந்த மூன்று கேள்வி பொருந்தும்.

விசா இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் உள்ள ராஜாஜி ஹால், பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டினம் வெற்றிகளின் நினைவாக இதே எட்வர்ட் கிளைவ் கட்டிய விருந்து மண்டபம்தான். அவருடைய அப்பா குடியிருந்த கிளைவ் மாளிகை, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நிற்கிறது. சுங்குவார்சத்திரத்திலிருந்து கிளம்பினால் புள்ளலூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கிலேயே போய்வந்துவிடலாம். 1781-ல் அங்கு நடந்த இரண்டாவது சண்டையில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் வயல்வெளியில் நிற்கின்றன. விளக்கும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது.

சத்திரம் என்றால் வழிப்போக்கர்கள் தங்கிப்போகக் கட்டிவைத்த இடம். வசதி படைத்தவர்கள் ஊர்பேர் தெரியாதவர்களுக்காகக் கட்டியது. நம்ம ஊர்ப் பெயரில் இன்னும் அது இருக்கிறது. அந்த மாளிகைகளோ ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்டு, காலம் மாறிய பிறகே வாசல் திறந்தன. திறந்த வாசலில் தாராளமாகப் போய் வாருங்கள், விளக்கையும் ரசியுங்கள். ஸ்டேட்டஸ் போடும்போது, அந்தப் பணம் எந்தச் சாலையில் கிளம்பியது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.